எண் 117, அஞ்சம்மாள்

பொன்னேரி
8 ஜூன் 2025

அன்பு மகள் ரமீஸாவுக்கு அத்தாவின் ஸலாம்.

நேற்று பெருநாள் தொழுகை நல்லபடி முடிந்தது. நீ இல்லாத குறையை உன் அம்மா பிரியாணியில் உப்பாகக் காட்டிவிட்டாள். மற்றபடி சுகம்.

நீ அனுப்பிய கவரால் வியாழக்கிழமை கம்பெனி வாசல் டைம் ஆபீசில் என் மானம் போனது. கம்பெனி விலாசத்துக்கு மகளிடமிருந்து பதிவுத் தபால் வருகிறதே என்ற பெருமையில், செக்யூரிட்டியும் ஒரு லாரி டிரைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழித்தேன். ஆறு தாள். ஒரு வரிகூட மனுஷன் படிக்கிற மாதிரி இல்லை. டாலர் குறி, கேள்விக்குறி, கால் உடைந்த கொக்கு மாதிரி ஏதேதோ. "இன்னா சார், பொண்ணு தெலுங்குல எழுதிக்கீதா?" என்றான் செக்யூரிட்டி. டிரைவர் நாயுடுபேட்டைக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க தெலுங்கு இல்ல நைனா" என்றார். நான் விட்டுக்கொடுப்பேனா? "ஷார்ட்ஹேண்ட்" என்று சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிப் படிப்பதாக நடித்தேன். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் தனியாக உட்கார்ந்து நீ வைத்திருந்த சீட்டைப் படித்தேன். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர்களிடம் ராபின் சார் எடுத்த பேட்டிகள் பிளாப்பியில் உங்கள் நூலகத்துக்கு வந்திருக்கின்றன, எழுத்துருவின் பெயர் 'கமர்' என்று காட்டுகிறது, அத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். தெரியாமல் என்ன? அதை உண்டாக்கிய மகான் நான்தான். அந்தப் பேட்டிகளை டைப் அடித்ததும் நான்தான்.

பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்தில் முனுசாமி அண்ணன் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் எங்களிடம் அடித்துவிட்டு, பிளாப்பியை எதிர்க்கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் போட்டுக்கொள்வார்கள். "டேய் ஷஃபி, நம்ம பிளாப்பி நம்ம கடைய வுட்டா வேற எங்கியும் தொறக்கக் கூடாதுடா" என்றார் அண்ணன். ஒரு மாதம் உட்கார்ந்து எழுத்துகளையெல்லாம் இடம் மாற்றிக் கலைத்துப் போட்டேன். அப்போதுதான் கல்யாணமான புதுசு. உன் அம்மா பெயரை வைத்தேன். எதிர்க்கடைக்காரனுக்குப் போட்ட பூட்டில் ஒரு நூலகமே மாட்டும் என்று யார் கண்டது?

அம்மாவிடம் சொல்லாதே. தன் பேரில் ஒரு சென்ட் நிலம் வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவள், எழுத்து உண்டாக்கினேன் என்றால் சும்மா விடுவாளா?

வேளைக்குச் சாப்பிடு.

அத்தா
ஷஃபியுல்லா

*

ஹைதராபாத்
16 ஜூன் 2025

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாசிப்பறையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு பைலைத் திறக்கும்போதும் கம்ப்யூட்டர் என்ன கேட்கிறது தெரியுமா? "கமர் இல்லை. பதிலுக்கு யாரை வைத்துக்கொள்ளலாம்?" தினமும் நாற்பது முறை கேட்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் இரண்டு பேருமே தொலைந்தோம்.

இப்போது விஷயம். ராபின் சார் மவுத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு அவர் தங்கை ஜெனிபர் மொத்தம் முப்பத்தெட்டு பிளாப்பி கொடுத்தார். கையெழுத்துத் தாள்களெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. பிளாப்பிகளில் பூஞ்சை. அதைப் படிக்கிற டிரைவ் கிடைக்கவே நாலு மாதம் அலைந்தோம். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பேச்சு, ஒன்று விடாமல் எடுத்துவிட்டோம். மூன்று இடத்தில் பிரதி வைத்துப் பத்திரமாகக் காப்பாற்றுகிறோம். படிக்கத்தான் முடியவில்லை. பூட்டிய பீரோவுக்கு வெள்ளையடித்த கதை.

போனில் அனுப்பச் சொல்லாதீர்கள். வெளியே அனுப்ப அனுமதி இல்லை, தாளில் எடுக்க மட்டும் அனுமதி. போனில் போட்டால் அந்தக் கொக்குகளும் வேறு பறவையாக மாறிவிடும்.

என் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. இந்தத் தொகுப்பு திறந்தால் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள் என்று எங்கள் பொறுப்பாளர் ஸுப்ரஜா மேடம் சொல்கிறார். எந்த விசையில் எந்த எழுத்தை வைத்தீர்கள் அத்தா? கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள்.

உங்கள் துஆவை நாடும்
ரமீஸா

*

பொன்னேரி
2 ஜூலை 2025

என் ரமீஸாவுக்கு ஸலாம். முட்டிவலி குறையவில்லை, பேச்சு குறையவில்லை, ஆகவே அம்மா நலம்.

மண்டையைக் குடைந்தேன், ஓர் எழுத்தும் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது மண்டையில் இல்லை, விரலில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயிலில் கண்ணை மூடி டிபன் பாக்ஸ் மூடியில் டைப் அடித்துப் பார்த்தேன். விரல் தானாகப் போகிறது. 'அம்மா' என்று நினைத்தால் போதும், எங்கே தட்டுகிறது என்று கண்ணைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்வேன். கவரைப்பேட்டை தாண்டும்போது ஓர் அம்மா எழுந்து, "பெரியவரே, ஒக்காருங்க, கை உதறுது பாவம்" என்று இடம் கொடுத்தார். பத்து நாளாக உட்கார்ந்துதான் போகிறேன்.

இரண்டு எழுத்து மட்டும் பிடிபடவில்லை. முனுசாமி அண்ணனைத் தேடிப் போனேன். இப்போது போன் உறை விற்கிறார். "இன்னாடா இது பேஜாரு, இந்த வயசுல பரீட்சை வெக்கிறியே" என்றார். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு, "'ஞ' வர்லன்னு நீ கத்துவியேடா, சதவீதக் குறியில கொண்டுபோய் வெச்சமே" என்றார். அதிலிருந்து மற்றதும் கிடைத்துவிட்டது.

அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய ஆறு தாளும் இப்போது தமிழாகிவிட்டன, சரிபார்.

ஒன்று கேட்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டையும் திறந்தாக வேண்டுமா? மாதிரிக்கு ஒரு நூறு போதாதா?

அத்தா

*

ஹைதராபாத்
14 ஜூலை 2025

அத்தாவுக்கு ஸலாமும் ஆயிரம் நன்றியும்.

திறந்துவிட்டது! உங்கள் அட்டவணையை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினோம். முதல் பைல் தமிழில் விரிந்தபோது ஸுப்ரஜா மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் திருவள்ளூர்க்காரர். நம்ம ஊர்ப் பேச்சை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒருவர் தன் நிலத்தின் நாலு எல்லையையும் சொல்லிவிட்டு, "வடக்கால எம் மச்சான், அவங்கிட்ட பேசறதில்ல" என்று சேர்த்திருக்கிறார். அரசாங்கப் பத்திரத்தில் அது இருக்குமா?

நூறு போதாது அத்தா. எல்லோரும் நம்பிப் பேசியிருக்கிறார்கள், எல்லோரும் வேண்டும். பிழை பார்த்துக்கொண்டே தொண்ணூறுவரை வந்துவிட்டேன்.

உங்கள் பெயரை நன்றியில் போடப்போகிறேன். மறுக்கக் கூடாது.

ரமீஸா

*

பொன்னேரி
30 ஜூலை 2025

ரமீஸாவுக்கு ஸலாம். எல்லோரும் சுகம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது.

நன்றியில் என் பெயர் வேண்டாம். கூலிக்கு அடித்தவன். அவசரத்தில் தப்பும் தவறும் இருக்கும். அதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தா

*

ஹைதராபாத்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம்.

ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? பூனைக்கு இரண்டு வரி, எனக்கு மூன்று வரி.

நேற்று எண் 117-ஐப் படித்தேன். அஞ்சம்மாள், முப்பத்தெட்டு வயது. நீங்கள் அடித்ததுதான், நினைவிருக்கிறதா?

"நெலம் போனப்பகூட நான் அழுவல. புள்ள பொறந்து நாலு நாளு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. என் உள்ளங்கையில பாதிதான் அவ. தொடக்கூடாது, பேசக்கூடாதுன்னாங்க. காதுல சொல்ல வேண்டியத கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுக்கினு உதட்டால சொன்னேன். சத்தம் வர்ல. அவளுக்கு கேட்டுச்சோ இல்லியோ, காலை மட்டும் ஆட்டினா."

மற்றவர்கள் ஏக்கர் கணக்கும் கிணற்றுக் கணக்கும் சொல்லும் இடத்தில் இந்த அம்மா இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செப்டம்பர் இருபதாம் தேதி தொகுப்பைத் திறந்துவைக்கிறார்கள். இணையதள முகப்பில் இதைத்தான் போடப்போகிறோம். என் வேலையும் இதனால் நிலைத்துவிடும் போலிருக்கிறது.

ரமீஸா

*

பொன்னேரி
9 செப்டம்பர் 2025

என் ரமீஸாவுக்கு ஸலாம்.

ஒரு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். இத்தனை முறை பார்த்தால் எந்தத் தொட்டியும் வெட்கப்படும்.

117 பொய். அஞ்சம்மாள் என்று ஒருவர் உண்டு, பேசியதும் உண்டு. ராபின் சார் கையால் எழுதிய நாலு தாளை நான் தொலைத்தேன். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்து படித்து வைத்துக்கொண்டால் மறுநாள் சீக்கிரம் அடிக்கலாம் என்று எடுத்துப்போனேன். பெஞ்சில் வைத்தேன். வந்து பார்த்தால் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். சொன்னால் அண்ணன் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் வேலை எனக்கு உயிர். பெயரும் வயதும் பட்டியலில் இருந்தன. மீதியை என் வாயிலிருந்து அடித்தேன்.

ராபின் சார் பிரிண்டைப் படித்துவிட்டு, "இந்தம்மா இப்படியா பேசினாங்க?" என்று கேட்டார். "நீங்க எழுதினதுதானே சார்" என்றேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டார். "வயசாவுது ஷஃபி" என்று சிரித்துக்கொண்டே போனார். அது இன்னும் உறுத்துகிறது.

பிளாப்பி செத்துவிடும், யாரும் திறக்கப்போவதில்லை என்று இருந்தேன். திறக்கும் சாவியை நானே செய்து அனுப்பினேன் பார், என் புத்தி. நீ கேட்டபோது மறுக்க மனசு வரவில்லை.

முகப்பில் போடாதே. உன் வேலைக்கு இதனால் என்ன ஆகுமோ என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் அது பொய்யின்மேல் நிற்கிற வேலையாகிவிடும்.

அத்தா

*

ஹைதராபாத்
15 செப்டம்பர் 2025

அத்தாவுக்கு ஸலாம்.

ஸுப்ரஜா மேடத்திடம் சொல்லிவிட்டேன். டைப் அடித்தவர் என் தகப்பன் என்பதையும் சொன்னேன். முகப்பிலிருந்து எடுத்தாகிவிட்டது. திறப்பு நாளும் தள்ளிப்போய்விட்டது. ஒன்று பொய்யென்றால் மீதி இருநூற்றுப் பதினொன்றை எப்படி நம்புவது என்று குழுவில் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

என் வேலையைவிட அந்த அம்மாவை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு முறை யாரோ வந்து கேட்டார்கள், அவரும் சொன்னார். அது இல்லாமல் போய்விட்டது.

வேறு எங்கெல்லாம் கை வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எல்லாமே.

ரமீஸா

*

பொன்னேரி
12 அக்டோபர் 2025

ரமீஸாவுக்கு ஸலாம். நீ சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தனித் தாளில் பட்டியல் வைத்திருக்கிறேன். புரியாத கையெழுத்தை நானாக ஊகித்து அடித்தது பதினான்கு இடம். கெட்ட வார்த்தையை மாற்றியது மூன்று இடம். முழுசாக எழுதியது 117 மட்டும். அல்லாஹ் மேல் ஆணை.

நாலு ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாளைத் தேடினேன். தொழிற்பேட்டையின் மறுகோடியில் ஒரு கம்பெனி வாசலில், ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் போண்டா விற்கிறார். வயசு அறுபத்து நாலு. நான்கு போண்டா தின்ற பிறகுதான் தைரியம் வந்தது, விஷயத்தைச் சொன்னேன்.

"ராபினா? ஜிப்பா போட்டுக்கினு வருவாரே, அந்தாளா? மூணு தபா வந்தாரு, மூணு தபாவும் ஊட்ல டீத்தூள் இல்ல."

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு ஒரே சிரிப்பு.

"யோவ், எனக்கு மூணும் ஆம்பளப் பசங்கய்யா. மூணையும் ஊட்லயே பெத்தேன். எந்தப் பொட்டி, எந்தக் கண்ணாடி?"

"தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க."

"ஆனா நல்லாத்தான் கீது. நான் சொன்னதாவே வெச்சிக்கயேன், இன்னா இப்ப?"

"வேணாம்மா. நீங்க சொல்றதுதான் வேணும்."

"நான் இன்னா சொல்றது? தோ, அந்த சைக்கிள் ஸ்டாண்டு கீதே, அதுக்கடியில எங்க கெணறு. தூத்துட்டானுங்க. தெனம் அதும்மேலயே நின்னுக்கினு தண்ணி பாட்டில் வாங்கித்தான் மாவு கரைக்கிறேன். இத எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். போனில் பதிவும் செய்தேன், இருபது நிமிஷம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்று என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை. தொலைத்தது தொலைத்ததுதான். இது இன்றைய பேச்சு என்று எழுது.

கிளம்பும்போது கூப்பிட்டார். "அது சரி, அந்தப் புள்ள பொழைச்சிதா இல்லியா?"

"பொழைச்சிக்கினாம்மா" என்றேன். போண்டாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அத்தா

*

ஹைதராபாத்
2 நவம்பர் 2025

என் அன்பு அத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். உண்மையாகவே சுகம்.

குழுவில் உங்கள் பட்டியலை வாசித்தார்கள். ஸுப்ரஜா மேடம் சொன்னார்: "எந்த டைப்பிஸ்டும் இப்படி ஒரு பட்டியல் கொடுத்ததில்லை. எங்கே தப்பு என்று தெரிந்த தொகுப்பு இது ஒன்றுதான்." மீதி இருநூற்றுப் பதினொன்றும் நிற்கும். 117-ஐ அழிக்கவில்லை. இரண்டாக வைத்திருக்கிறோம். ஒன்றில் 'மூலத்தாள் தொலைந்தது. தட்டச்சாளர் ஷஃபியுல்லா சொந்தமாக எழுதியது' என்று குறிப்பு. மற்றொன்று அஞ்சம்மாளின் குரல், தேதியுடன். முகப்பில் இப்போது அந்தக் கிணறுதான் இருக்கிறது. எனக்கு ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் இல்லை. பரவாயில்லை.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. கற்பனைப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று நீங்கள் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்? அம்மாவைக் கேட்டேன். நான் எட்டாம் மாதத்தில் பிறந்தவள், பதினெட்டு நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அப்படியானால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது நீங்கள். என்ன சொன்னீர்கள் அத்தா? போனில் கேட்டால் சிரித்துவிட்டு "எல்லாம் கற்பனைம்மா" என்கிறீர்கள்.

உங்கள்
ரமீஸா

*

பொன்னேரி
16 நவம்பர் 2025

என் ரமீஸாவுக்கு ஸலாம். இங்கே மழை. அம்மாவும் பூனைகளும் சுகம். ஆறு மாதமும் நல்ல காலம்தான், மனசைத் தளரவிடாதே.

போனில் நீ கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் சிரித்தேன்.

பிள்ளை பிறந்தால் அதன் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும், பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடுகிற அதே வரிகள், உனக்குத் தெரியும். அதன் காதில் விழும் முதல் பேச்சு அதுதான். உன்னைப் பார்க்க என்னை உள்ளே விட்டது நாலாம் நாள். நர்ஸ் நல்லவர்கள், பாவம். "சத்தம் கூடாதுப்பா, மத்த கொழந்தைங்களும் கீது" என்றார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். உதடு மட்டும்தான் அசைந்தது. நீ காலை ஆட்டினாய்.

வார்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "காதுல பாங்கு சொன்னீங்களா?" தையல் போட்டுப் படுத்திருப்பவளிடம் என்ன சொல்வது? "சொன்னேன்" என்றேன். பதினெட்டாம் நாள் உன்னை என் கையில் கொடுத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் இருந்தார், உன் மாமாக்கள் எல்லோரும் இருந்தார்கள். "பாங்குதான் அப்பவே சொல்லியாச்சே" என்று அம்மா எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னாள். அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

இதெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாமல்தான் அஞ்சம்மாள் வாயில் வைத்தேன். யாராலும் திறக்க முடியாத எழுத்தில் இருக்கட்டும் என்று.

நீ தூங்கும்போது உன் காதில் பாங்கைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கிட்டே வந்து குனிந்திருக்கிறேன். நீ விழித்துக்கொண்டு "இன்னா அத்தா?" என்பாய். "கொசு" என்பேன். ஹைதராபாத்துக்கு உன்னை முதல் தடவை ரயிலேற்ற வந்தேனே, அன்றைக்கு அம்மா வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், உன் வலது காது என் பக்கம்தான் இருந்தது. வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருந்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்து, "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்று கேட்டேன்.

அத்தா